காய்ச்சல் எத்தனையாவது நாள்? டெங்குவுக்கான படுக்கையோரச் சோதனைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

மூன்று நாளாகக் காய்ச்சல். முகம் சிவந்திருக்கிறது. கண்ணைச் சுழற்றினால் பின்பக்கம் வலிக்கிறது. இடுப்பும் கால்களும் அடித்துப் போட்டாற்போல் கிடக்கின்றன. சளி இல்லை, இருமல் இல்லை. டெங்குவாக இருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. பெரிய ஆய்வகம் தொலைவில் இருக்கிறது. அருகில் இருந்தாலும் முடிவு நாளைக்குத்தான் கிடைக்கும். அதற்குள் கட்டிலருகில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனைகள் ஐந்தாறு உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிச் செம்புள்ளிகளை எண்ணலாம் (டூர்னிக்கெட் சோதனை). விரல்நுனி ரத்தத்தில், வைரஸின் புரதத்தைக் காட்டும் என்எஸ்1 அட்டையோ எதிர்ப்பொருள் அட்டையோ பார்க்கலாம். ரத்த அணுக்களை எண்ணலாம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் பார்க்கலாம், கையடக்க அல்ட்ராசவுண்டை வயிற்றில் வைத்துப் பார்க்கலாம். எதுவுமே இல்லையென்றால் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கலாம். இவற்றில் எதை, எந்த நாளில், எதற்காகச் செய்வது?

மருத்துவப் பயிற்சியில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே விடைதான் இருந்தது: அட்டை. நான்காம் நாள் காய்ச்சலோடு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு என்எஸ்1 அட்டையில் ஒரு கோடு மட்டுமே தெரிந்தது. டெங்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் மாலை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் விட்டிருந்தது, கைகள் சில்லிட்டிருந்தன, நாடி நூலிழைபோல் ஓடியது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அட்டையின்மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. அதனால் சொல்ல முடியாத ஒன்றை அதனிடம் கேட்டவன் நான்.

அன்றிலிருந்து காய்ச்சல் நோயாளி யாராக இருந்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகவே கேட்கிறேன். முதலாவது, இது டெங்குதானா? இரண்டாவது, ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியத் தொடங்கிவிட்டதா? டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் கசிவும், அதைத் தொடர்ந்து உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாமல் வரும் அதிர்ச்சி நிலையும்தான். முதல் கேள்விக்கு நல்ல விடை தரும் சோதனை இரண்டாம் கேள்விக்கு வாய் திறக்காது. இரண்டாம் கேள்விக்கு விடை தருபவை நோயின் பெயரைச் சொல்லாது. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

நாளை எண்ணுவது

எந்தச் சோதனையையும் கையில் எடுப்பதற்கு முன் காய்ச்சலின் நாளைச் சரியாக எண்ண வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்துக்கொள்கிறேன். "இரண்டு நாளாக" என்று நோயாளி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது போதாது. கடைசியாக எப்போது உடல் முழு நலமாக இருந்தது, வேலைக்கோ பள்ளிக்கோ கடைசியாக எந்த நாள் போனார், முதல் மாத்திரையை எப்போது விழுங்கினார் என்று துருவினால் இரண்டு நாள் நான்காகிவிடுவது உண்டு. அந்த இரண்டு நாள் வித்தியாசம் ஒரு சோதனையைப் பயனுள்ளதாகவோ பயனற்றதாகவோ ஆக்கிவிடும்.

டெங்குவின் நடை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் போகிறது. கொசு கடித்த 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தொடங்குகிறது. முதல் சில நாட்கள் வைரஸும் அது வெளியிடும் புரதமும் ரத்தத்தில் நிறைந்திருக்கின்றன. வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருட்கள் நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில்தான் தலைகாட்டுகின்றன. 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில், சிலருக்குக் கசிவு தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. பிறகு கசிந்த நீர் மீண்டும் குழாய்களுக்குள் திரும்புகிறது. காய்ச்சல் விட்டதும் குடும்பம் நிம்மதி அடைகிறது, நோயாளியைக் கவனிப்பது தளர்கிறது. ஆபத்தான வேளையும் அதுவே. வேறெந்தக் காய்ச்சலைவிடவும் டெங்குவில் இதை வீட்டாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டூர்னிக்கெட் சோதனை: பழையது, செலவற்றது, அரைகுறையானது

டெங்குவுக்கென்று பிறந்த சோதனை அல்ல இது. ஜெர்மானிய மருத்துவர் ரும்பெல் 1909-இலும் லீடே 1911-இலும் செங்காய்ச்சல் நோயாளிகளிடம் இந்தக் குறியை விவரித்தார்கள். 1914-இல் ஹெஸ் என்பவரும் இதே வழியில் நுண்குழாய்களின் வலுவை அளந்தார். அதனால்தான் ரும்பெல்-லீடே சோதனை என்றும் ஹெஸ் சோதனை என்றும் இதற்கு இன்னும் பெயர் இருக்கிறது. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்திருந்தாலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலும், அழுத்தம் கூடும்போது தோலுக்கடியில் ஊசிமுனை அளவில் ரத்தம் கசிந்து புள்ளியாகத் தெரியும். இந்தச் சோதனையின் அடிப்படை அவ்வளவுதான்.

செய்முறை எளிது, ஆனால் அவசரப்பட்டால் கெட்டுவிடும். முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 100/70 என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுப்புள்ளி 85. மேற்கையில் கட்டிய பட்டையை 85-க்கு ஏற்றி 5 நிமிடம் அப்படியே நிறுத்த வேண்டும். பட்டை மெல்லக் காற்றை இழந்து இறங்கிவிடும் என்பதால் ஒருவர் கூடவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்கியபின் 2 நிமிடம் காத்திருந்து, முழங்கை மடிப்புக்குக் கீழே 2.5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் இருக்கும் செம்புள்ளிகளை எண்ண வேண்டும். புள்ளிகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ அங்கே சதுரத்தை வைக்க வேண்டும். ஓர் அட்டையில் அந்த அளவுக்குச் சதுரத் துளை வெட்டி வைத்துக்கொண்டால் எண்ணுவதில் தகராறு வராது. பட்டை கட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் புள்ளிகள் இருந்தனவா என்று பார்த்துவைப்பதும் அவசியம். பலர் மறப்பது இதைத்தான்.

எத்தனை புள்ளி இருந்தால் "உண்டு" என்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 1997-ஆம் ஆண்டு வழிகாட்டி 20 என்றது. இன்று பல இடங்களில் 10 என்ற அளவே பின்பற்றப்படுகிறது. அளவைக் குறைத்தால் அதிக டெங்கு நோயாளிகள் அகப்படுவார்கள். டெங்கு அல்லாதவர்களும் கூடவே வந்து சேர்வார்கள். எந்த அளவைக் கொண்டாலும், முடிவை "உண்டு", "இல்லை" என்று எழுதாமல் எண்ணிக்கையாகவே எழுதிவைப்பது நல்லது.

இதை எவ்வளவு நம்பலாம்? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, டெங்கு உள்ளவர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினருக்கு இது "உண்டு" என்றது. டெங்கு இல்லாதவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினருக்கு "இல்லை" என்றது. இந்த எண்களைக் கட்டிலருகே கொண்டுவந்து பார்ப்போம். கொசு பெருகிய பருவம். காய்ச்சலோடு வந்த 200 பேரில் 100 பேருக்கு டெங்கு என்று வைத்துக்கொள்வோம். சோதனை 87 பேரிடம் "உண்டு" என்று காட்டும். அவர்களில் 58 பேருக்கு உண்மையிலேயே டெங்கு. மூன்றில் இரண்டு பங்கு. மோசமில்லை. ஆனால் "இல்லை" என்று காட்டிய 113 பேரில் 42 பேருக்கும் டெங்கு இருக்கிறது. அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டெங்கு அரிதாக இருக்கும் பருவத்தில் 200 பேரில் 20 பேருக்கே நோய் என்றால், "உண்டு" என்று காட்டும் 64 பேரில் டெங்கு நோயாளிகள் 12 பேர் மட்டுமே. சோதனை மாறவில்லை, பட்டையும் மாறவில்லை. அதன் பொருள் பருவத்தோடு மாறிவிட்டது.

பருமனான உடலில் இது பொய்த்துப் போகலாம். கடுமையான அதிர்ச்சி நிலையில் புள்ளிகளே தோன்றாமல் இருக்கலாம். நோயாளி தேறியபின் தோன்றும். முதல் நாளில் இல்லாதது இரண்டாம், மூன்றாம் நாளில் வருவதும் உண்டு. எனவே ஒருநாள் "இல்லை" என்றால் மறுநாளும் செய்ய வேண்டும். சிறு குழந்தைகள் ஐந்து நிமிடம் கையைக் கொடுக்க மாட்டார்கள் என்பது புத்தகங்கள் அதிகம் பேசாத உண்மை. அழுது உதறும் குழந்தையிடம் எடுத்த எண்ணிக்கைக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை.

இத்தனை குறை சொன்னபிறகும் இதைக் கைவிட எனக்கு மனமில்லை. எண்ணிக்கை தெளிவாக மிகுந்திருந்தால், அதோடு வெள்ளணுக்களும் குறைந்திருந்தால், மதிப்பு சட்டென்று உயர்கிறது. சோதனை "உண்டு" என்று காட்டி, வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 5,000 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 70 முதல் 80 விழுக்காடு அளவுக்கு டெங்குதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டல வழிகாட்டி 2011-இல் சொன்னது. டெங்கு மிகுந்த பகுதிக்கான கணக்கு அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு பட்டையும் ஒரு சொட்டு ரத்தமும் தரும் விடைக்கு இது நல்ல தேர்ச்சி.

அட்டைச் சோதனைகள்

என்எஸ்1 என்பது டெங்கு வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் வெளியிடும் ஒரு புரதம். அட்டையில் சில சொட்டு ரத்தமோ சீரமோ விட்டு 15 முதல் 20 நிமிடம் காத்திருந்தால் கோடு தெரியும். முதல் நாளிலிருந்தே பிடிபடும் என்பது இதன் பெரும் பலம். "உண்டு" என்று காட்டினால் அநேகமாக டெங்குதான். இந்த வகையில் டூர்னிக்கெட் சோதனையை இது எங்கோ பின்னால் விட்டுவிடுகிறது.

"இல்லை" என்று காட்டும்போதுதான் சிக்கல். முதன்முறை டெங்கு வருபவரிடம் காய்ச்சல் நாட்களில் இந்தப் புரதம் 90 விழுக்காட்டுக்கும் மேல் பிடிபடலாம். இரண்டாம் முறை தொற்று வந்தவரிடம் அது 60 முதல் 80 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. முந்தைய தொற்றில் உருவான எதிர்ப்பொருட்கள் இந்தப் புரதத்தைச் சூழ்ந்து பிணைத்துக்கொள்வதால் அட்டைக்கு அது தென்படுவதில்லை. கடுமையான டெங்கு மிகுதியாக வருவது யாருக்கு? இரண்டாம் முறை தொற்று ஏற்பட்டவர்களுக்கு. எனவே யாரை நாம் தவறவிடவே கூடாதோ, அவர்களைத்தான் இந்த அட்டை அதிகம் தவறவிடுகிறது. என் இளம்பெண் நோயாளியின் கதையும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் புரதத்தின் அளவும் இறங்கத் தொடங்கிவிடும்.

அட்டையைப் படிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். உறையில் சொன்ன நேரத்துக்கு முன்பும் படிக்கக்கூடாது, அந்த நேரம் கடந்தபின்னும் படிக்கக்கூடாது. வெயிலில் கிடந்த அட்டை, ஈரம் ஏறிய அட்டை, கட்டுப்பாட்டுக் கோடு (அட்டை வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கோடு) வராத அட்டை எல்லாம் குப்பைக்கு. மங்கலான கோட்டைப் பார்த்து ஐயம் வந்தால் இன்னொருவரை அழைத்து, நாம் பார்த்ததைச் சொல்லாமல் அவர் என்ன பார்க்கிறார் என்று கேட்பது என் வழக்கம்.

ஐஜிஎம், ஐஜிஜி எதிர்ப்பொருள் அட்டைகள் இதற்கு நேர்மாறான காலத்தில் வேலை செய்கின்றன. 3 முதல் 5-ஆம் நாளுக்குள் பாதிப்பேரிடம்தான் ஐஜிஎம் தென்படும். ஐந்தாம் நாளுக்குள் 80 விழுக்காடு, பத்தாம் நாளுக்குள் 99 விழுக்காடு. அதாவது முடிவெடுக்க வேண்டிய நாட்கள் பெரும்பாலும் கடந்தபிறகு இது உறுதியாகிறது. இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கிவிடுவதால், போன மாதத்துத் தொற்றை இன்றைய காய்ச்சலுக்குக் காரணமாகக் காட்டிவிடவும் கூடும். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற நெருங்கிய உறவு வைரஸ்களும், மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியும்கூட இந்த அட்டையைக் குழப்பும். ஐஜிஜி மட்டும் "உண்டு" என்றால் அதை இன்றைய நோயாக எடுத்துக்கொள்ளவே கூடாது. எப்போதோ வந்துபோன தொற்றின் தடமாக இருக்கலாம். என்எஸ்1-உம் எதிர்ப்பொருளும் ஒரே அட்டையில் வரும் இரட்டைச் சோதனை, நாள் சரியாகத் தெரியாத நோயாளிக்குப் பொருத்தமானது. ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடிக்கிறது.

ரத்த அணுக்களும் ஹீமட்டோகிரிட்டும்

ஒரே ஒரு கருவிதான் தர முடியும், எதை எடுத்துக்கொள்கிறாய் என்று யாரேனும் என்னைக் கேட்டால், மைக்ரோஹீமட்டோகிரிட் சுழற்றியைக் கேட்டு வாங்குவேன். விரல்நுனி ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழலில் எடுத்து, ஒரு முனையை அடைத்து, சில நிமிடம் வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். பிளாஸ்மா மேலே நிற்கும். மொத்த உயரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதே ஹீமட்டோகிரிட். குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியேறினால் மீதமுள்ள ரத்தம் கெட்டியாகும். அந்த விழுக்காடு ஏறும். இரண்டாம் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் எளிய சோதனை இது.

20 விழுக்காடு ஏறினால் கசிவு என்பது விதி. இந்த விதியை நான் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளக் கண்டிருக்கிறேன். 36-இலிருந்து 56-க்கு ஏற வேண்டும் என்பதில்லை. 36-இல் 20 விழுக்காடு 7.2, எனவே 43 வந்தாலே மணி அடித்துவிட்டது என்று பொருள். ரத்தசோகை உள்ள ஒருவருக்கு இயல்பாகவே 30 இருந்திருக்கலாம். அவருக்கு 36 வந்தால் ஆய்வறிக்கையில் அது "இயல்பு" என்றே அச்சாகும். ஆனால் அவர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கிறார். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் முதல் மூன்று நாட்களுக்குள், எந்த ஆபத்தும் தெரியாதபோதே, ஓர் அளவை எடுத்துவைக்கச் சொல்கிறேன். அது அந்த நோயாளியின் சொந்த அடிக்கோடு. பின்னால் வரும் ஒவ்வொரு அளவும் அதற்கு எதிரே நின்று பேசும்.

நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியபின் எடுத்த அளவு கசிவை மறைக்கும். அளவு இறங்குவதும் எப்போதும் நல்ல செய்தியாகாது. நோயாளி சோர்ந்துகொண்டே போகும்போது ஹீமட்டோகிரிட்டும் இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது என்று ஐயப்பட வேண்டும். நோயாளி தேறி, பசித்து, நன்றாகச் சிறுநீர் போகும்போது இறங்கினால், கசிந்த நீர் குழாய்க்குத் திரும்புகிறது என்று பொருள். அப்போது திரவத்தைத் தொடர்ந்து ஏற்றினால் நுரையீரல் நிறைந்துவிடும். ஒரே எண், ஒரே திசை. நோயாளியைப் பார்க்காமல் படித்தால் மூன்று விதமாகத் தவறலாம்.

வெள்ளணு எண்ணிக்கை குறைவது தட்டணுக்கள் குறைவதற்கு முன்பே நிகழ்வது வழக்கம். 5,000-க்குக் கீழே போய், வெள்ளணுக்களில் ஒரு வகையான நிணவணுக்களின் பங்கு கூடினால், அடுத்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டு ஆபத்துக் கட்டம் தொடங்கக்கூடும் என்ற முன்னறிவிப்பாக அதை எடுத்துக்கொள்ளலாம். நோயின் பெயரைச் சொல்வதற்கும் உதவுகிறது, அடுத்து வரப்போவதையும் காட்டுகிறது. இத்தனை பயன் இருந்தும் அறிக்கையில் எல்லோருடைய கண்ணும் நேராகத் தட்டணு வரிக்குத்தான் போகிறது.

தட்டணுவைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது டெங்குவின் அடையாளங்களுள் ஒன்று. ஹீமட்டோகிரிட் ஏறும்போதே அது வேகமாகச் சரிந்தால் எச்சரிக்கைக் குறி. அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த எண் ஒன்றையே மணிக்கொருமுறை கேட்டு, அது ஏறினால் மகிழ்ந்து, இறங்கினால் கலங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. 80,000 தட்டணு இருப்பவர் கசிவால் அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். 15,000 இருப்பவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கலாம். 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த, ரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்றியவர்களுக்குப் பக்கவிளைவுகளே கூடுதலாக இருந்தன. ஆகவே தேர்வுப் பட்டியலில் தட்டணுவை ஹீமட்டோகிரிட்டுக்குக் கீழேதான் வைக்கிறேன்.

கையைப் பிடித்துப் பார்ப்பது

கருவியே இல்லாத சோதனை இது. இரண்டாம் கேள்விக்கு இதைவிட விரைவாக விடை தருவது எதுவும் இல்லை. நோயாளியின் கையை அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் ஐந்து விஷயங்கள் ஒன்றாகத் தெரிகின்றன: தோலின் நிறம், விரல்நுனியில் ரத்தம் திரும்பும் நேரம், கைகால்களின் வெப்பம், நாடியின் நிறைவு, நாடியின் வேகம். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடும் இந்த ஐந்தையும் ஒரே தொடுகையாகவே கற்பிக்கிறது.

விரல்நுனியை இதயத்தின் உயரத்துக்குத் தூக்கி, 5 நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சுருங்குகிறது. அறை குளிராக இருந்தாலும், வெளிச்சம் குறைவாக இருந்தாலும், காய்ச்சல் ஏறும்போது நடுக்கம் இருந்தாலும் இது ஏமாற்றும். அதனால் இதைத் தனியாக நம்பாமல் நாடியோடும் பாதத்தின் வெப்பத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடல் சுடாமல், பாதம் மட்டும் சில்லிட்டு, நாடி மெலிந்து விரைந்தால் வேறெந்த அறிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது.

ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் பலர். டெங்குவில் இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளிதான் முதலில் பேசுகிறது. 120/80 என்றால் இடைவெளி 40. கசிவு கூடும்போது உடல் குழாய்களைச் சுருக்கிக்கொள்வதால் கீழ் எண் ஏறுகிறது. மேல் எண் நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. 100/80 என்று வந்தால் மேல் எண் "பரவாயில்லை" போலத்தான் தோன்றும். இடைவெளி 20-க்கு வந்துவிட்டது. அது அதிர்ச்சி நிலை. அப்போதும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் அச்சமூட்டுகிறது. இடைவெளியைக் கழித்து, அதை ஒரு தனிக் கட்டத்தில் எழுதும் பழக்கத்தை எல்லாக் காய்ச்சல் வார்டிலும் கட்டாயமாக்கலாம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துவிடுங்கள். ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்ற பதில், பல அறிக்கைகளுக்கு நிகரானது.

கையடக்க அல்ட்ராசவுண்ட் இருந்தால், பயின்ற கையும் இருந்தால், 3 மி.மீ.க்கு மேல் தடித்த பித்தப்பைச் சுவர், வலப்பக்க நுரையீரல் உறையில் நீர், வயிற்றில் நீர் ஆகியவற்றைக் கண்ணாலேயே காணலாம். பயின்ற கை இல்லாத இடத்தில் இதை வாங்கி வைப்பதால் பயனில்லை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது

முதல் மூன்று நாட்களில், பணமும் வசதியும் இருந்தால், என்எஸ்1 அட்டையும் ஒரு முழு ரத்த எண்ணிக்கையும் (ஹீமட்டோகிரிட்டும் அதிலேயே வந்துவிடும்). ஒன்றுதான் முடியும் என்றால் நான் ரத்த எண்ணிக்கையையே சொல்வேன். என்எஸ்1 நோயின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், ரத்த எண்ணிக்கை அடிக்கோட்டையும் தந்துவிட்டுப் போகும். இரண்டுமே இல்லாத இடத்தில் டூர்னிக்கெட் சோதனையைச் செய்யுங்கள். "உண்டு" என்றால் அதை நம்பி உஷாராகுங்கள். "இல்லை" என்றால் அதை எழுதிவைத்துவிட்டு, நாளை மீண்டும் வரச் சொல்லுங்கள்.

நான்காம் நாளுக்குப் பிறகு நோயின் பெயரைத் தேடி அதிகம் அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. பருவமும் அறிகுறிகளும் வெள்ளணுவும் டெங்கு என்றால் டெங்கு என்றே நடத்துங்கள். சக்தியையெல்லாம் ஹீமட்டோகிரிட்டிலும் அழுத்த இடைவெளியிலும் கையைப் பிடித்துப் பார்ப்பதிலும் செலவிடுங்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, கல்லீரல் வீக்கம், உடலில் நீர் சேர்வது ஆகிய எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்று தெரிந்தாலும் அட்டை என்ன சொன்னாலும் நோயாளி மருத்துவமனையில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் ஆகியோரை இன்னும் சிறிய ஐயத்துக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. டெங்கு அட்டையில் கோடு தெரிந்ததும் மற்ற காய்ச்சல்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. மலேரியா உள்ள பகுதியில் மலேரியா அட்டையும் அதே விரல்நுனி ரத்தத்தில் அதே வேளையில் பார்க்கப்பட வேண்டும். மலேரியாவுக்கு மருந்து இருக்கிறது, தாமதம் கொல்லும். எலிக்காய்ச்சலும் டைபாய்டும் உண்ணிக்காய்ச்சலும் முதல் நாட்களில் டெங்குபோலவே வந்து நிற்கும். ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்காமல் வெள்ளணு ஏறிக்கொண்டே போனால் நம் முதல் முடிவைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

காரணம் தெளிவாகும் வரை, வலிக்கானாலும் காய்ச்சலுக்கானாலும் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஆஸ்பிரினும் ஐப்யூபுரோஃபனும் ரத்தப்போக்கைத் தூண்டும்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது நான் ஒரு சிறு சீட்டைக் கொடுக்கிறேன். இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள், இன்றைய ஹீமட்டோகிரிட், வெள்ளணு, அழுத்த இடைவெளி, அடுத்து எந்த நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பவை அதில் இருக்கும். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: காய்ச்சல் விட்ட அன்றும் மறுநாளும் கட்டாயம் வாருங்கள். அந்தச் சீட்டு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அங்கே இருப்பவர் முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.